கீவ் நகரத்து ஓல்காவும் திறைக் கணக்கும்

இடைக்காலக் கிழக்கு ஐரோப்பாவைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு பெயர் தவறாமல் வந்து விழுகிறது: கீவ் நகரத்து ஓல்கா. கணவனைக் கொன்றவர்களை உயிரோடு புதைத்தவர், குளியல் குடிலில் பூட்டி எரித்தவர், புறாக்களின் காலில் நெருப்பைக் கட்டிவிட்டு ஒரு நகரத்தையே சாம்பலாக்கியவர், அத்தனைக்கும் பிறகு புனிதராகவும் போற்றப்படுபவர் என்று அரை நிமிடக் காணொளிகளில் அவர் கதை முடிந்துவிடுகிறது. கேட்பவர் வாய் பிளக்கிறார், அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிடுகிறார்.

இந்தக் கதைகளில் எவ்வளவு உண்மை என்பது ஒரு கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி, 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெரிய நிலப்பரப்பை ஆண்ட அவர் உண்மையில் எதை மாற்றினார் என்பது. அவர் மாற்றியது திறை வாங்கும் முறையை. கேட்பதற்குச் சப்பென்று இருந்தாலும், அவருடைய கணவர் உயிரை விட்டதே அந்த முறையின் ஓட்டையால்தான் என்பதைப் பார்த்துவிட்டால், புறாக் கதையைவிட இதுவே சுவையானது என்று தோன்றும். வரலாற்றுப் பாடம் படித்துப் பழக்கமில்லாதவர்களும் தொடரும்படி, ஒவ்வொரு சொல்லையும் அது முதலில் வரும் இடத்திலேயே விளக்கிக்கொண்டு போகிறேன்.

முதலில் பெயர்கள்

ஓல்காவை 'ரஷ்ய ராணி' என்று சிலரும் 'உக்ரைன் ராணி' என்று சிலரும் எழுதுகிறார்கள். அவர் வாழ்ந்த 10ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. அப்போது இருந்தது 'ருஸ்' என்ற ஆட்சி. வடக்கிலிருந்து, அதாவது ஸ்காண்டிநேவியாவிலிருந்து, ஆற்று வழியாக வந்த போர்வீர வணிகர்கள், அங்கே ஏற்கெனவே காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்துவந்த ஸ்லாவிய இனக்குழுக்களின் மேல் தலைமை ஏற்று அமைத்த ஆட்சி அது. அதன் முதன்மை நகரம் நீப்பர் ஆற்றங்கரையில் இருந்த கீவ்.

இந்தக் கலப்பைப் பெயர்களிலேயே பார்க்கலாம். ஓல்கா என்பது 'ஹெல்கா' என்ற ஸ்காண்டிநேவியப் பெயரின் ஸ்லாவிய வடிவம். கணவர் ஈகோரின் பெயர் 'இங்வார்' என்பதிலிருந்து வந்தது. அவர்களுடைய மகனுக்கு வைத்த பெயரோ ஸ்வியாத்தொஸ்லாவ். அது முழுக்க முழுக்க ஸ்லாவியப் பெயர். வந்தவர்கள் ஊர்க்காரர்களாக மாறிக்கொண்டிருந்த தலைமுறை அது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

ஆட்சியாளரை அவர்கள் 'க்னியாஸ்' என்றும் அவர் மனைவியை 'க்னியாகினியா' என்றும் அழைத்தார்கள். 'இளவரசர்', 'இளவரசி' என்று மொழிபெயர்ப்பது வழக்கம் என்றாலும், தமிழில் இளவரசி என்றால் அரசனின் மகள் என்ற நினைப்பு வந்துவிடுவதால் நான் அரசி என்றே எழுதுகிறேன்.

ஓல்காவைப் பற்றிய பெரும்பாலான கதைகள் 'கடந்த ஆண்டுகளின் கதை' என்ற ஆண்டுக்குறிப்பு நூலிலிருந்து வருகின்றன. ஆண்டுக்குறிப்பு நூல் என்பது ஒவ்வோர் ஆண்டின் பெயரிலும் அந்த ஆண்டில் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கும் ஏடு. இந்த நூல் தொகுக்கப்பட்டது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீவ் நகரத்துத் துறவிகளால். ஓல்கா இறந்தது 969இல். இடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகள். நம் வீட்டில் கொள்ளுத் தாத்தாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எவை நடந்தவை, எவை சொல்லிச் சொல்லி வளர்ந்தவை என்று பிரிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இதிலும் உண்டு. ஈகோரும் ஓல்காவும் 903இல் மணந்தார்கள் என்கிறது அந்த நூல். அவர்களுடைய மகன் 942 வாக்கில் பிறந்தான் என்று அதே மரபு சொல்கிறது. மணமாகி 39 ஆண்டுகள் கழித்துப் பிள்ளை! ஏதோ ஓர் இடத்தில் கணக்கு இடிக்கிறது என்பது வெளிப்படை.

மைனர் பிள்ளையும் கார்டியனும்

ஒரு குடும்பத்தில் தந்தை இறந்துவிடுகிறார், மகனுக்கு மூன்று வயது. நிலமும் வீடும் மகன் பெயருக்கு வருகின்றன, ஆனால் அவன் கையெழுத்துப் போட முடியாது. அவனுக்காகத் தாய் கார்டியனாக நின்று வாடகை வாங்குகிறார், வழக்கு நடத்துகிறார். சொத்து அவனுடையது, முடிவு தாயுடையது. அரசாட்சியில் இதே ஏற்பாட்டுக்குக் காப்பாட்சி என்று பெயர். பட்டத்துக்கு உரிய பிள்ளை வயதுக்கு வரும்வரை இன்னொருவர் அவன் பெயரில் ஆள்வதுதான் காப்பாட்சி.

945இல் ஈகோர் கொல்லப்பட்டபோது ஸ்வியாத்தொஸ்லாவ் சிறு பிள்ளை. ஆட்சி அவன் பெயரில் நின்றது, நடத்தியவர் ஓல்கா. ஆண்டுக்குறிப்பில் இதைக் கண்முன் நிறுத்தும் ஒரு காட்சி இருக்கிறது. எதிரிப் படை முன்னால் நிற்கிறது. சண்டையைத் தொடங்கி வைக்க வேண்டியது ஆட்சியாளர். ஆகவே குதிரைமேல் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பிள்ளையின் கையில் ஈட்டியைக் கொடுக்கிறார்கள். அவன் எறிகிறான். ஈட்டி குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே சரிந்து அதன் காலடியிலேயே விழுகிறது. 'ஏனென்றால் அவன் சிறுவன்' என்று ஆண்டுக்குறிப்பும் விளக்கம் சொல்கிறது. உடனே தளபதி ஸ்வெனெல்து, அரசர் தொடங்கிவிட்டார், நாமும் அவர் பின்னே செல்வோம் என்கிறார். படை பாய்கிறது. காப்பாட்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

கார்டியன் பதவிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. விதவையை மணப்பவன் பிள்ளையையும் சொத்தையும் சேர்த்துப் பெற்றுவிடுவான். ஈகோரைக் கொன்ற, திரெவ்லியர் என்ற ஸ்லாவிய இனக்குழுவினர் செய்த முதல் காரியம், தங்கள் தலைவன் மாலுக்கு ஓல்காவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியது. இது திமிர் பிடித்த கோமாளித்தனம் என்றே பலரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆண்டுக்குறிப்பில் அவர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்தால் கணக்கு புரியும்: ஓல்காவை மாலுக்கு மணமுடிப்போம், ஸ்வியாத்தொஸ்லாவும் நம் கைக்கு வந்துவிடுவான், பிறகு அவனை நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். அவர்கள் கேட்டது மணப்பெண் என்பதைவிட, கீவ் நகரின் காப்பாட்சி என்பதே சரி.

ஆனால் ஓல்காவின் அதிகாரம் விதவையான பிறகுதான் தொடங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. ஈகோர் உயிரோடு இருந்தபோதே, 944 வாக்கில், ருஸ் ஆட்சிக்கும் பைசாந்தியப் பேரரசுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பைசாந்தியப் பேரரசு என்பது கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புலை, தலைநகராகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசு. அந்த ஒப்பந்தத்தில் யார் யாருடைய தூதர்கள் வந்தார்கள் என்ற பட்டியல் அப்படியே இருக்கிறது. முதலில் ஈகோரின் தூதர், இரண்டாவது மகன் ஸ்வியாத்தொஸ்லாவின் தூதர், மூன்றாவது அரசி ஓல்காவின் தூதர். கணவருக்குத் தனித் தூதர், மனைவிக்குத் தனித் தூதர். பட்டியலில் கீழே வேறு சில உயர்குலப் பெண்களுக்கும் தூதர்கள் இருக்கிறார்கள். கீவ் நகருக்கு வடக்கே இருந்த விஷ்கொரோத் ஓல்காவுக்குச் சொந்தமான ஊர் என்று ஆண்டுக்குறிப்பு தெளிவாகவே குறிப்பிடுகிறது. பின்னாளில் திறையில் ஒரு பங்கு நேரடியாக அங்கே போனது. ஆக, ருஸ் ஆட்சியாளரின் மனைவி அரண்மனைக்குள் அடைந்து கிடந்த நிழல் உருவம் என்ற படம் இங்கே பொருந்தவே பொருந்தாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஓல்காவுக்கு மனைவி என்ற முறையில் தனி ஊரும் தனித் தூதரும் இருந்தன, கணவர் இறந்தபின் மகன் பெயரில் ஆளும் காப்பாட்சியும் சேர்ந்துகொண்டது. இரண்டும் வேறு வேறு அதிகாரங்கள்.

வந்து தின்றுவிட்டுப் போகும் அரசு

கணவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, திறை எப்படி வாங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். திறை என்பது, வலிமை மிக்கவனுக்குப் பணிந்துபோனவர்கள் கொடுக்கும் பொருள்.

ஓர் ஊருக்குக் கடன் கொடுத்தவர் வட்டி வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியாக வருவதில்லை, இருபது அடியாட்களோடு வருகிறார். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு உடனே போவதும் இல்லை. ஊரிலேயே தங்கி, ஊர்ச் சோற்றைத் தின்று, ஊர்க் கள்ளைக் குடித்து, கிளம்பும்போது வட்டியையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வட்டி எவ்வளவு என்று எழுதிவைத்த சீட்டும் கிடையாது. இந்த ஆண்டு இவ்வளவு என்பது, வந்தவரின் முகத்தையும் அவர் பின்னால் நிற்பவர்களின் தொகையையும் பொறுத்தது. ருஸ் ஆட்சி ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

இந்தப் பயணத்துக்குப் 'பொல்யூதியே' என்று பெயர். மக்களிடையே சுற்றி வருதல் என்று பொருள் கொள்ளலாம். பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டான்டைன் தன் மகனுக்கு அறிவுரையாக எழுதிய நூலில் இதை வருணித்திருக்கிறார். நவம்பர் மாதம் தொடங்கியதும் ருஸ் தலைவர்கள் தம் ஆட்களோடு கீவ் நகரை விட்டுக் கிளம்புகிறார்கள். திரெவ்லியர், கிரிவிச்சியர், செவெரியர் முதலிய ஸ்லாவியக் குழுக்களின் ஊர்களுக்குச் சென்று, குளிர்காலம் முழுவதும் அங்கேயே உண்டு வாழ்கிறார்கள். ஏப்ரலில் நீப்பர் ஆற்றுப் பனி உருகியதும் திரும்புகிறார்கள். பிறகு, காட்டில் குடைந்து ஆற்றில் இறக்கிக் கொண்டுவரப்பட்ட மரப் படகுகளை வாங்கிச் செப்பனிட்டு, சேர்த்த பொருளோடு ஜூனில் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்படுகிறார்கள். குளிர்காலத்தில் வசூல், கோடையில் விற்பனை. ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு மேய்ச்சல் போவது போல, அரசே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது.

தலைவரோடு சென்ற அந்தப் படைத் துணைவர்களுக்குத் 'துருஷினா' என்று பெயர். இவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. பங்கு கிடைக்கும்வரைதான் விசுவாசம். 945இல் ஈகோரின் துருஷினா முணுமுணுத்தது: ஸ்வெனெல்தின் ஆட்கள் நல்ல ஆயுதமும் உடையுமாகத் திரிகிறார்கள், நாங்களோ அரை நிர்வாணமாக இருக்கிறோம், திறை வாங்கக் கிளம்புவோம். ஈகோர் கிளம்பினார். காட்டு மனிதர்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட திரெவ்லியர்களிடம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கினார். திரும்பும் வழியில் ஆசை மீறியது. பெரும்பாலான வீரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறு கூட்டத்தோடு மறுபடியும் வாங்கப் போனார். ஓநாய் ஒருமுறை ஆட்டுக்கூட்டத்துக்குள் பழகிவிட்டால் கொல்லாதவரை மந்தை முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று திரெவ்லியர்கள் முடிவெடுத்து, இஸ்கோரொஸ்தென் ஊருக்கு அருகே அவரைக் கொன்றார்கள். வளைத்த மரங்களில் கட்டிக் கிழிக்கப்பட்டார் என்று அதே நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்திய வரலாற்றாசிரியர் லியோ தியாக்கொனோஸ் எழுதுகிறார்.

ஈகோர் பேராசைக்காரர், அதனால் அழிந்தார் என்று நீதிக்கதை போல இதை முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. திறைக்கு அளவு இல்லை. கொடுத்து முடித்தாயிற்று என்று சொல்வதற்கு ஒரு நாளும் இல்லை. வாங்குகிறவரே நேரில் வந்து நிற்கிறார், அதுவும் கையில் ஆள் குறைந்தபோது. யார் அரசராக இருந்திருந்தாலும் ஒரு நாள் இது நடந்திருக்கும்.

புறாக்கள்

பழிவாங்கும் கதையைத் தவிர்க்க முடியாது, ஆகவே விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெண் கேட்டு வந்த இருபது பேரைப் படகோடு தூக்கிவரச் செய்து, முற்றத்தில் வெட்டிவைத்த குழியில் போட்டு ஓல்கா மூடச் செய்தார். இன்னும் பெரிய மனிதர்களை அனுப்புங்கள் என்று கேட்டு, வந்தவர்களைக் குளியல் குடிலில் வைத்து எரித்தார். கணவரின் கல்லறை மேட்டில் நீத்தார் விருந்து வைக்க வேண்டும் என்று போய், தேன்மது குடித்து மயங்கிய 5000 பேரை வெட்டச் செய்தார். கடைசியாக இஸ்கோரொஸ்தெனை ஓராண்டு முற்றுகையிட்டார். தேனும் தோலும் தருகிறோம் என்றவர்களிடம், உங்களிடம் இப்போது இரண்டும் இருக்காது, வீட்டுக்கு மூன்று புறாவும் மூன்று குருவியும் கொடுங்கள் போதும் என்றார். அவற்றின் காலில் கந்தகத்தைத் துணியில் சுற்றிக் கட்டி நெருப்பு வைத்துப் பறக்கவிட, அவை கூடுகளுக்குத் திரும்பி ஊரை எரித்தன.

ஓராண்டு முற்றுகையில் கிடந்த ஊரில், அடுப்பில் ஏறாமல் தப்பிய புறாக்கள் வீட்டுக்கு மூன்று வீதம் இருந்தனவா என்பது என் நெடுநாள் ஐயம்.

அதைவிட வலுவான ஐயங்களும் உண்டு. பறவைகளின் காலில் நெருப்புக் கட்டி நகரத்தை எரிக்கும் கதை, சிசிலியில் சண்டையிட்ட நார்வேக்காரர் ஹரால்து ஹர்த்ராதாவைப் பற்றியும் சொல்லப்படுகிறது. ஊர் விட்டு ஊர் போகும் கதை இது. நோவ்கொரோத் நகரத்தின் பழைய ஆண்டுக்குறிப்பில் புறா நிகழ்ச்சியே இல்லை. முதல் மூன்று பழிகளுக்கோ வேறு ஓர் ஒழுங்கு இருக்கிறது. படகில் வைத்தல், நெருப்பு, நீத்தார் விருந்து என்று மூன்றுமே அந்தக் காலத்து இறுதிச் சடங்கின் படிகள். பெண் கேட்க வந்தவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களுடைய கருமாதி நடக்கிறது என்பதே கதையின் சூட்சுமம் என்று ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். விடுகதை போடும் அறிவாளிப் பெண், விடை தெரியாமல் சாகும் மாப்பிள்ளை வீட்டார்: இது நாட்டுப்புறக் கதையின் கட்டுமானம்.

அதற்காக எல்லாமே கற்பனை என்று தூக்கிப்போடவும் முடியாது. இன்றைய உக்ரைனில் கொரொஸ்தென் என்று அழைக்கப்படும் அந்த ஊரில் நடந்த அகழாய்வுகளில், 10ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு எரிந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. திரெவ்லியர்கள் கொடூரமாக ஒடுக்கப்பட்டார்கள் என்பதை ஏற்கலாம். புறாக்களை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

947: ஓல்கா செய்த வேலை

காணொளிகள் நின்றுவிடும் இடத்தில்தான் ஆண்டுக்குறிப்பின் மிக முக்கியமான இரண்டு பத்திகள் தொடங்குகின்றன. 946இல் ஓல்கா மகனோடும் துருஷினாவோடும் திரெவ்லியர் நிலம் முழுவதும் சென்று, விதிகளையும் திறைகளையும் வரையறுத்தார். திறையில் இரண்டு பங்கு கீவ் நகருக்கு, மூன்றாவது பங்கு விஷ்கொரோதுக்கு. 947இல் வடக்கே நோவ்கொரோத் பக்கம் சென்று, மிஸ்தா ஆற்றின் வழியே பொகோஸ்துகளையும் திறையையும், லூகா ஆற்றின் வழியே வரித் தொகையையும் திறையையும் ஏற்படுத்தினார்.

'பொகோஸ்த்' என்ற சொல்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. அதன் வேரான 'கோஸ்த்' என்பதற்கு விருந்தாளி என்றும் வெளியூர் வணிகர் என்றும் பொருள். வருகிறவர் தங்கும் இடம் பொகோஸ்த். ஓல்காவுக்குப் பிறகு, திறை வந்து சேரும் நிலையமாக, அந்த வட்டாரத்துக்கே நிர்வாக மையமாக அது ஆனது. கூடவே 'உரோக்' என்ற சொல்லும் வருகிறது. முன்கூட்டியே குறித்துவைத்த அளவு என்று பொருள்.

நம் ஊர் நிலக் கணக்கில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். வாரத்தில், நிலத்துக்காரர் அறுவடை நாளில் களத்துமேட்டில் வந்து நின்று, விளைந்ததில் பங்கை அளந்துகொண்டு போகிறார். வரும்போது சச்சரவும் கூடவே வரும். குத்தகையில் இவ்வளவு மூட்டை என்பது முன்பே பேசி முடிக்கப்பட்டது. அவர் வரவே வேண்டாம், உழுகிறவரே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். இந்த ஒப்புமை முழுமையானது இல்லை; பொல்யூதியேயில் பங்கு என்ற நியாயம்கூடக் கிடையாது. ஆனால் மாற்றத்தின் திசை இதுதான். அளவு முன்பே தெரியும், இடம் முன்பே தெரியும், அங்கே இருந்து வாங்குகிறவர் அரசரின் ஆள்.

இதனால் பல காரியங்கள் ஒன்றோடொன்று கோத்து நடந்தன. அரசர் ஒவ்வொரு குளிர்காலமும் எதிரிக் காட்டுக்குள் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. தளபதிகள் தனித்தனியாகப் போய்ச் சுரண்டிக்கொண்டு வருவதற்கு இடம் குறைந்தது; ஸ்வெனெல்தின் ஆட்களைப் பார்த்து ஈகோரின் ஆட்கள் பொறாமைப்பட்டது போன்ற நிலை அரசுக்கே ஆபத்து அல்லவா? கொடுக்கிறவர்களுக்கும், கொடுத்தது போதும் என்று சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்தது. வந்து தின்றுவிட்டுப் போன அரசு, ஓர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தொடங்கியது. ஒரே ஆண்டில் நிலம் முழுவதும் மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பொல்யூதியே பின்னரும் பல இடங்களில் தொடர்ந்தது.

ஆண்டுக்குறிப்பை எழுதியவர் இந்த இடத்தில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறார்: ஓல்காவின் பனிச்சறுக்கு வண்டி இன்றும் பிஸ்கோவ் நகரில் இருக்கிறது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மர வண்டியைக் காட்டி, இது எங்கள் அரசி வந்த வண்டி என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது அவர்தம் வண்டிதானா என்பது கிடக்கட்டும். கணக்கு எழுத வந்தவராகவே அந்த வடபகுதி அவரை நினைவில் வைத்திருந்தது.

சுருக்கம்: பொல்யூதியே என்பது ஆட்சியாளர் வந்து, தங்கி, அளவில்லாமல் வாங்குவது. பொகோஸ்தும் உரோக்கும் சேர்ந்து இடத்தையும் அளவையும் நிலைநிறுத்தின. ஈகோரின் சாவுக்கு ஓல்கா கண்ட உண்மையான பதில் இதுவே என்பது என் கருத்து.

பேரரசரின் விருந்து மேசையில்

ஓல்காவின் கான்ஸ்டான்டிநோபிள் பயணத்துக்கு, நமக்குக் கதை சொல்லும் ஏடு மட்டுமல்லாமல், அரண்மனையின் பதிவே கிடைத்திருக்கிறது. பேரரசரின் சடங்குகளைத் தொகுத்த நூலில், ருஸ் நாட்டு அரசி 'எல்கா' வரவேற்கப்பட்ட இரண்டு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன: செப்டம்பர் 9, புதன்கிழமை, அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு எழுதப்படவில்லை. இந்தக் கிழமைகள் பொருந்தும் ஆண்டுகள் 946, 957 ஆகிய இரண்டு. எது சரி என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். கீவ் ஆண்டுக்குறிப்பு சொல்லும் 955 இரண்டுக்கும் பொருந்தாது.

அந்தப் பதிவில் மரியாதையின் அளவு விரற்கடைக் கணக்கில் இருக்கிறது. உடன் வந்த பெண்கள் தரையில் விழுந்து வணங்க, ஓல்கா தலையைச் சற்றே தாழ்த்திவிட்டு, அரசவையின் மிக உயர்ந்த பெண்களோடு மேசையில் அமர்ந்தார். பேரரசரின் முன் உட்கார்ந்தபடியே தாம் பேச விரும்பியதைப் பேசினார். விருந்தின் முடிவில், மணிகள் பதித்த பொன் கிண்ணத்தில் வைத்து 500 மிலியரேசியோன் கொடுக்கப்பட்டது. மிலியரேசியோன் என்பது வெள்ளிக்காசு. பன்னிரண்டு காசு ஒரு பொற்காசுக்குச் சமம். அவருடைய உறவுப் பெண்கள் ஆறு பேருக்குத் தலைக்கு 20, பணிப்பெண்கள் 18 பேருக்குத் தலைக்கு 8. இருபது தூதர்களும் நாற்பத்து மூன்று வணிகர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைக்கு 12. ஸ்வியாத்தொஸ்லாவின் ஆட்களுக்குக் கிடைத்ததோ வெறும் 5. யாருக்கு என்ன மதிப்பு என்பதைக் காசு காசாக எண்ணி வைத்திருக்கிறார்கள்.

வணிகர்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். இது தீர்த்த யாத்திரை மட்டும் என்றால் நாற்பத்து மூன்று வணிகர்கள் எதற்கு? குளிர்காலத்தில் சேரும் தோலும் மெழுகும் தேனும் விலைபோகும் சந்தை அந்த நகரம். திறைக் கணக்கின் மறுமுனை அங்கேதான் இருந்தது.

திருமுழுக்குக் கதைக்கு வருவோம். திருமுழுக்கு என்பது ஒருவரைக் கிறிஸ்தவராக ஏற்கும் நீர்ச் சடங்கு. அதில் முன்னின்று பொறுப்பேற்பவர் ஞானத்தந்தை. பேரரசர் கான்ஸ்டான்டைன் ஓல்காவை மணக்க விரும்பியதாகவும், நீங்களே எனக்கு ஞானத்தந்தையாக நில்லுங்கள் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டதாகவும், பிறகு மகள் முறை வந்துவிட்டதே, எப்படி மணப்பது என்று மடக்கியதாகவும் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. சுவையான கதைதான், ஆனால் பேரரசரின் மனைவி ஹெலெனா உயிரோடு இருந்தார். அந்த விருந்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ஓல்கா ஏற்ற கிறிஸ்தவப் பெயரும் ஹெலெனா என்பதால், உண்மையான உறவு அந்த அரசியோடு ஏற்பட்ட ஞானத்தாய் உறவாக இருக்கலாம். அரண்மனைப் பதிவில் திருமுழுக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஓல்காவின் கூட்டத்தில் கிரிகோரியோஸ் என்ற குருவானவர் ஒருவர் இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. அவருக்குக் கிடைத்தது 8 காசு, மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்த 15ஐ விடக் குறைவு.

அதோடு ஓல்கா நின்றுவிடவில்லை. 959இல் அவருடைய தூதர்கள் ஜெர்மானிய மன்னர் முதலாம் ஓட்டோவிடம் சென்று, தங்கள் நாட்டுக்கு ஓர் ஆயரும், அதாவது பிஷப்பும், குருக்களும் வேண்டும் என்று கேட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிளுக்கும் ரோமுக்கும் இடையே திருச்சபை அப்போது முறையாகப் பிரிந்திருக்கவில்லை. ஆனாலும் ஆயரை அனுப்புகிறவரின் கை அந்த நாட்டில் ஓங்கும். ஒரு கடையில் விலை படியாதபோது எதிர்க்கடையில் விசாரிப்பது போன்ற நகர்வு இது. முதலில் நியமிக்கப்பட்டவர் கிளம்பும் முன்பே இறந்தார். அடுத்து அதால்பெர்த் என்ற துறவி 961இல் புறப்பட்டுப் போய், காரியம் நடக்காமல் 962இல் திரும்பினார். வழியில் அவருடைய ஆட்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். ருஸ் தூதர்கள் பாசாங்காகத்தான் வந்தார்கள் என்று ஜெர்மானிய ஆண்டுக்குறிப்பு கசப்போடு எழுதியது.

மகன் கேட்கவில்லை

ஸ்வியாத்தொஸ்லாவ் மதம் மாற மறுத்தார். என் துருஷினா சிரிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். கோழைத்தனமான சாக்கு போலத் தோன்றினாலும், துருஷினாவின் விசுவாசம்தான் ஆட்சியின் அடித்தளம் என்பதைப் பார்த்துவிட்ட நமக்கு அதன் எடை தெரியும். 964 முதல் அவர் தாமே படை நடத்தத் தொடங்கினார். வால்கா, காக்கசஸ், தான்யூப் என்று போர்க்களங்களிலேயே வாழ்ந்தார். வீட்டை நடத்துவது தாயின் பொறுப்பாகவே தொடர்ந்தது.

968இல் பெச்செனேகியர் என்ற நாடோடிக் குதிரைவீரர்கள் கீவ் நகரைச் சூழ்ந்துகொண்டபோது, மகன் தான்யூப் கரையில் இருந்தார். நகருக்குள் பேரப்பிள்ளைகள் மூவரோடு ஓல்கா இருந்தார். கையில் ஒரு கடிவாளத்தை வைத்துக்கொண்டு, என் குதிரையைப் பார்த்தீர்களா என்று எதிரிகளின் மொழியிலேயே கேட்டபடி அவர்கள் நடுவே ஓடி, ஆற்றில் குதித்து அக்கரைக்குச் செய்தி கொண்டுபோன சிறுவனால் நகரம் தப்பியது என்கிறது ஆண்டுக்குறிப்பு. திரும்பி வந்த ஸ்வியாத்தொஸ்லாவ், தான்யூப் கரையில் இருக்கும் பெரெயாஸ்லாவெத்சே எனக்குப் பிடித்த ஊர், எல்லாச் செல்வமும் அங்கே வந்து குவிகிறது, இனி அங்கேயே இருப்பேன் என்றார். நான் நோயில் கிடக்கிறேனே, என்னைப் புதைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றார் தாய். மூன்று நாளில் இறந்தார். ஆண்டு 969.

தமக்கு நீத்தார் விருந்து வைக்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். கணவரின் கல்லறை மேட்டில் எந்த விருந்தை வைத்து 5000 பேரைக் கொன்றதாகக் கதை சொல்கிறதோ, அதே விருந்து. ஒரு குருவானவர் அவரை அடக்கம் செய்தார்.

முற்றுகையில் உடன் இருந்த பேரர்களில் ஒருவர் விளாதிமிர். 988 வாக்கில் அவர் கீவ் நாட்டையே கிறிஸ்தவத்துக்கு மாற்றினார். கிரேக்கர்களின் நெறி கெட்டதாக இருந்தால், எல்லாரிலும் அறிவு மிகுந்த உங்கள் பாட்டி அதை ஏற்றிருக்க மாட்டார் என்று அவருடைய அவைப் பெரியவர்கள் வாதிட்டதாக ஆண்டுக்குறிப்பு பதிவு செய்கிறது. பாட்டியின் உடலை விளாதிமிரின் காலத்தில் கீவ் நகரின் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். பின்னாளில் திருச்சபை ஓல்காவைத் திருத்தூதருக்கு நிகரான புனிதர் என்று போற்றியது. அவருடைய திருநாள் ஜூலை 11.

நாடு மதம் மாறியபின் கோயில் கட்ட இடம் வேண்டியிருந்தது. சுற்று வட்டாரத்து மக்கள் ஏற்கெனவே வந்து பழகிய இடம் பொகோஸ்த். தேவாலயங்கள் பல அங்கே எழுந்தன. திறை நிலையத்தைக் குறித்த சொல் கோயில் பங்கைக் குறித்தது, பிறகு கோயிலையும் அதைச் சுற்றிய மதில் வளாகத்தையும் குறித்தது. வடக்கு ரஷ்யாவின் ஒனேகா ஏரித் தீவில் இருக்கும் மரத் தேவாலயங்களைக் காணப் போகிறவர்கள் 'கிஜி பொகோஸ்த்' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். கோயிலை ஒட்டி இறந்தவர்களைப் புதைத்துவந்ததால், இன்றைய ரஷ்ய மொழியில் பொகோஸ்த் என்றால் சிற்றூர் இடுகாடு.